இரட்டைப் பிள்ளைக்காரியின் கை

இரட்டைப் பிள்ளை பெற்றவள் நீவிவிட்டால் சுளுக்குப் போய்விடும் என்று முதன்முதலில் சொன்னவன் எவனோ, அவன் மட்டும் எதிரில் வந்தால் சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்பேன். இடது கையால்தான் பிடிக்க வேண்டும். வலது கட்டை விரல் மடங்காது. இதை எழுதுகிற பேனாவையே சுட்டு விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் செருகிக்கொண்டுதான் எழுதுகிறேன். கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று என் மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அவளும் அவள் தம்பியும் ஒரே நாளில் பிறந்து தொலைத்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

வெள்ளைக்காரன் போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. திருவொற்றியூரில் கடலுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு வரிசை வீடுகளில் நாங்கள் குடியிருந்தோம். ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் கேட்கும். என் புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். நான் தண்டையார்பேட்டையில் ஒரு கோணிக் கிடங்கில் கிழிந்த சாக்குகளைத் தைத்தேன். எட்டாவது வரை படித்த பெண் கோணி ஊசி பிடிக்கிறாளே என்று என் பிறந்த வீட்டில் மூக்கைச் சிந்தினார்கள். சிந்தினார்களே தவிர, ஒரு படி அரிசி கொண்டுவந்து போடவில்லை.

இரண்டு பிள்ளைகள் என்றதும் என் மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். "ஒண்ணுக்கே வழியக் காணோம், ரெண்டா பெத்து வச்சிகினு கீறா பாரு" என்று எதிர் வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். பிள்ளைகளை முதல் நாலு நாள் அவள் தொடக்கூட இல்லை. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, மூன்றாவது வீட்டு வலைக்காரர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். வலை இழுத்து இழுத்து முழங்கை வெளிப்பக்கம் வீங்கி, ஒரு சொம்பு தூக்க முடியவில்லை அவருக்கு.

"இரட்டைக்காரி கீறாளாமே. கொஞ்சம் கை வைக்கச் சொல்லு ஆயா" என்றார்.

என் மாமியாருடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த நிமிஷமே நான் அவளுக்கு மருமகள் இல்லை, வீட்டுக்கு வந்த அம்மன் ஆகிவிட்டேன். அம்மன் என்றால் உட்கார வைத்துச் சோறு போடுவார்கள் என்று நினைக்காதீர்கள். வேலை வாங்குவார்கள்.

இதற்கு அந்தப் பக்கத்தில் ஒரு முறை இருந்தது. வலிக்காரர் கிழக்கே பார்த்துக் குந்த வேண்டும். அவர் கொண்டுவந்த நல்லெண்ணெயை நான் வலது கையில் ஊற்றி, கட்டை விரலை அழுத்தி, மேலிருந்து கீழாக மூன்று தடவை வழித்துவிட வேண்டும். அதற்கு நான் எதுவும் வாங்கக் கூடாது. காசு மட்டுமல்ல, ஒரு வெற்றிலை, ஒரு மீன், ஒரு கைப்பிடி உப்புக்கூடக் கையால் வாங்கக் கூடாது. வாங்கினால் கைராசி அன்றோடு போய்விடும். மிச்ச எண்ணெய் என் மாமியாரின் தலைக்குப் போயிற்று. அது வாங்கினதில் சேராதாம்.

இன்னொரு விதியும் உண்டு. கை வைத்த பிறகு மூன்று நாள் அந்த இடத்துக்கு வேலை கொடுக்கக் கூடாது. குடம் தூக்கக் கூடாது, துடுப்புப் போடக் கூடாது, அம்மி பக்கம் போகவே கூடாது. மீறினால் சுளுக்கு இரட்டிப்பாக வந்து வீட்டுப் பெரியவர் மேல் ஏறிவிடும் என்று பயம். இதை என் மாமியார் வாசலில் நின்று கோர்ட்டில் டவாலி கூவுகிற மாதிரி கூவுவாள். "கை வச்சாச்சு! மூணு நாளு எவனும் அவன வேல வாங்கக் கூடாது, சொல்ட்டேன்!" போலீஸுக்குப் பயப்படாத ஆட்களெல்லாம் அதற்குப் பயந்தார்கள். மேஸ்திரிகள்கூட முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள்.

வலைக்காரருக்கு வலி குறைந்தது. குறைந்ததும் அவர் வாய் சும்மா இருக்குமா? ராயபுரம் வரை தெரிந்துவிட்டது.

யார் யார் வந்தார்கள் என்று இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. கப்பலில் துரு தட்டுகிற ஆள் ஒருவர். நாளெல்லாம் தலைக்கு மேல் கையைத் தூக்கிச் சுத்தியலால் தட்டித் தட்டி, தோளில் கை வைத்தாலே அலறுவார். பெரம்பூர் ரயில் பட்டறையிலிருந்து ஒருவர் முழங்கையோடு வந்தார். வண்ணாரப்பேட்டையில் தையல் கடை வைத்திருந்த பாய் ஒருவர், சர்க்கரை வியாதிக்காரர், ஐம்பது தாண்டியவர். அவருக்குக் கை தோளுக்கு மேல் ஏறவே இல்லை. "பேட்டி, தலை சீவிக்க முடியலம்மா" என்று, என்னை மகளே என்று அவர் பாஷையில் கூப்பிட்டு, பிள்ளை மாதிரி கண் கலங்கினார். துறைமுகத்தில் வேலை நிறுத்தம் முடிந்து, அத்தனை நாள் சும்மா கிடந்த உடம்போடு முதல் நாளே இரண்டு ஆள் சுமையைச் சுமந்த ஒரு பையனுக்குக் குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி புடைத்துக்கொண்டது. மாமு, நைனா, அண்ணே, அக்கா என்று எல்லா உறவும் எண்ணெய்க் கிண்ணத்தோடு என் வாசலில் குந்தியிருந்தது. ஒருவருக்கும் சறுக்கி விழுந்த சுளுக்கு இல்லை. செய்கிற வேலைதான் ஒவ்வொருவர் உடம்பிலும் ஒவ்வோர் இடத்தைப் பார்த்துப் பிடித்திருந்தது. அது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தூக்கம்தான் தோன்றியது.

எல்லாரையும்விட அதிகமாக வந்தவள் பக்கத்து வீட்டு மருமகள். என்னைவிடச் சின்னவள். ஒன்பது வாய்க்கு ஆக்கிப் போட்டு, தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து, மாமியாரின் வசவையும் வாங்கிக்கொண்டு இருந்தவள். ஒரு தடவை மணிக்கட்டு என்பாள், அடுத்த தடவை தோள் என்பாள், இன்னொரு தடவை முதுகு. நான் நீவும்போது கண்ணை மூடிக்கொள்வாள். சில சமயம் அப்படியே உட்கார்ந்தபடி தூங்கிப்போவாள். "இன்னாடி, ஒன் சுளுக்கு ஊர் சுத்துது?" என்று நான் கேலி பண்ணினால் சிரிப்பாள். அப்புறம் மூன்று நாள் அவள் வீட்டு வாசலில் கையை மடியில் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அவள் மாமியார் பல்லைக் கடித்துக்கொண்டு தானே தண்ணீர் பிடிப்பாள்.

பிள்ளைகளுக்குத் தலை நிற்பதற்கு முன்பே நான் கிடங்குக்கு ஓடினேன். போகாவிட்டால் என் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள். கோணி ஊசியை இரண்டு மடிப்புச் சாக்கில் ஏற்றுவதற்குக் கட்டை விரலால் அழுத்த வேண்டும். ஏறினதும் மணிக்கட்டைத் திருப்பிச் சணலை இழுக்க வேண்டும். அழுத்து, திருப்பு, இழு. சங்கு ஊதும் வரை இதேதான். வீட்டுக்கு வந்தால் இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அழும். அக்குளில் இரண்டு கையையும் கொடுத்து, கட்டை விரலை விறைத்துக்கொண்டு, ஒன்றைத் தூக்கி இறக்கிவிட்டு அடுத்ததைத் தூக்க வேண்டும். அதற்கு மேல் வாசலில் எண்ணெய்க் கிண்ணம்.

முதலில் கட்டை விரலின் அடியில் ஒரு குத்தல். பிறகு மணிக்கட்டின் பக்கவாட்டில் புளியங்கொட்டை அளவு வீக்கம். விரலை அசைத்தால் உள்ளே புதுச் செருப்பு மாதிரி கிறீச்சென்றது. பூட்டில் சாவியைத் திருப்ப முடியவில்லை. ஈரத் துணியைப் பிழிய முடியவில்லை. ஒருநாள் பையனைத் தொட்டிலிலிருந்து தூக்கும்போது வலி சுரீரென்று முழங்கை வரை ஓடிற்று, பிடி விட்டுப் போயிற்று. அவன் தரையில் விழுவதற்குள் அவன் சட்டையை என் பல்லால் கவ்வினேன். ஆமாம், பல்லால். பூனை மாதிரி. கை போனால் சாக்கு தைக்க முடியாது என்பது ஒரு பயம். பெற்ற பிள்ளையைத் தூக்கவே பயம் என்பது வேறு. அந்தப் பயம் என் எதிரிக்கும் வரக் கூடாது.

புருஷனிடம் சொன்னேன். "உக்காந்து சாக்கு தைக்கிறதுல இன்னா நோவு? நான் மூட்ட தூக்கறேனே, எனுக்கு நோவலியா?" என்றார். அவருக்கு நொந்தது எனக்குத் தெரியும். இரண்டு தடவை என்னிடமே நீவிக்கொண்டு மூன்று நாள் படுத்தவர்தானே!

மாமியாரிடம் கேட்டேன். "அத்தே, எனக்கும் மூணு நாளு குடு. கை ரொம்ப நோவுது."

"ஒனுக்கு எவ கை வச்சா?"

"எவளும் வைக்கல. நான்தான ஊருக்கே வச்சிகினு கீறேன்."

"கை வைக்காம மூணு நாளு எப்படிமே? நல்லாக் கீதே ஞாயம்!" என்று சொல்லிவிட்டு, வந்தவரைக் கிழக்கே பார்த்துக் குந்தச் சொன்னாள்.

ராயபுரத்தில் ஒரு தர்ம வைத்தியசாலை இருந்தது. சாயங்காலம் கிடங்கிலிருந்து நேரே அங்கே போனேன். வயதான பெண் டாக்டர். என்னைவிடக் கோபக்காரி. என் கட்டை விரலை உள்ளே வைத்துக் கையை மூடச் சொல்லி, மணிக்கட்டைச் சுண்டு விரல் பக்கம் சாய்த்தாள் பாருங்கள், நான் போட்ட கூச்சலில் வெளியே காத்திருந்தவர்களின் பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிட்டன.

"இது எலும்பும் இல்லை, நரம்பும் இல்லை. தசைநார். தசையை எலும்போட இழுத்துக் கட்டியிருக்கிற நார். கட்டை விரலுக்குப் போற நார் இந்த இடத்துல ஒரு உறைக்குள்ள நுழைஞ்சு போகுது. ஓயாம ஒரே அசைவு அசைச்சா உறை வீங்கிடும். அப்புறம் நார் போகிறதுக்கு வழி இல்லை. சரி, நீ என்ன வேலை செய்யறே?"

சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் கடுகடுவென்று ஆயிற்று. "நாள் பூரா கட்டை விரலால அழுத்தற வேலை. கைக்குழந்தை, அதுவும் ரெண்டு. பிரசவமான உடம்பு, இன்னும் பழைய நிலைக்கு வரவே இல்லை. அதுக்குள்ள வேலைக்கு ஓட்டம். இதுல ஒண்ணு இருந்தாலே போதும். உனக்கு எல்லாமே இருக்கு."

நான் சுளுக்கு எடுப்பதையும் சொன்னேன். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"புண்ணாப் போன விரலாலயே ஊரார் கையை அழுத்தித் தேய்க்கிறியா? உனக்குப் பைத்தியமா?"

"நான் தேய்ச்சா அவங்களுக்கு வலி குறையுதே டாக்டரம்மா?"

"தேய்ச்சதுக்கு அப்புறம் அவங்க என்ன செய்யறாங்க?"

"மூணு நாள் வேலை செய்யாம…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டேன். எனக்குக் காது மடல் சூடாயிற்று. என் கைராசி, என் மாமியாரின் பெருமை, எண்ணெய், கிழக்குத் திசை எல்லாம் ஒரே கேள்வியில் போயிற்று.

அவள் சின்ன மரப்பட்டை வைத்துக் கட்டை விரலையும் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டினாள். சில வாரமாவது இந்தக் கையால் எதையும் செய்யாதே, இல்லாவிட்டால் கத்தி வைக்க வேண்டிவரும் என்றாள். வீட்டுக்கு வந்தேன். கட்டைப் பார்த்ததும் என் மாமியார் பதறிப்போனாள். எனக்காக இல்லை. "இரட்டைக்காரி கையே சுளுக்கிக்கினு கட்டு போட்டுகினா, எவ வருவா நம்ம வூட்டுக்கு? மானம் போச்சு!" என்று அவளே அதை அவிழ்த்தாள். அந்தப் பட்டை அடுப்புக்குள் போயிற்று. நன்றாக எரிந்தது.

மறுபடி வலைக்காரர்தான் வழி சொன்னார். எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் இன்னொரு இரட்டைக்காரி இருக்கிறாள் என்றார். என் வலி நீவலுக்கு அடங்காது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவள் கை வைத்தால் எனக்கும் மூன்று நாள் கிடைக்குமே! டாக்டர் சொன்ன வாரக்கணக்கு வேண்டாம், அந்த மூன்று நாள் போதும் என்று இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு ரயிலில் எண்ணூர் போய், மணலில் நடந்து, குப்பத்தைக் கண்டுபிடித்தேன்.

வாசலில் ஒருத்தி கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகள், ஒரே அச்சு, அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றன. அவளுடைய வலது மணிக்கட்டில் கிழிந்த புடவைத் துணி இறுகச் சுற்றியிருந்தது. நான் என் மணிக்கட்டைக் காட்டினேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அடிப்பாவி, நீயுமா?" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தோம். அவளுக்கும் வாசலில் கூட்டமாம். அவளுக்கும் மூன்று நாள் கிடையாதாம். "ஒண்ணு பண்லாம்க்கா. நீ என் கைய தொடு, நான் உன் கைய தொடறேன். ரெண்டு பேருக்கும் மூணு நாளு" என்றாள். அழுத்தவே இல்லை. இரண்டு சொட்டு எண்ணெயை ஒருத்திக்கொருத்தி தடவிக்கொண்டோம், அவ்வளவுதான். அந்த வருஷத்தில் நான் சிரித்தது அந்த ஒரு நாள்தான் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். என் மாமியார் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை.

"இரட்டைக்காரிக்கு இரட்டைக்காரி கை வக்கிறதா? அது செல்லாது. ரெண்டு கைக்கும் ஆவாது."

"இத எவ சொன்னா?"

"நான் சொல்றேன்."

மறுநாள் காலையில் வழக்கம்போல வாசலில் ஆட்கள் குந்தியிருந்தார்கள். பக்கத்து வீட்டு மருமகளும் இருந்தாள். வலைக்காரருக்கு முழங்கை மறுபடி பிடித்துக்கொண்டிருந்தது. மூன்று நாள் கழிந்து அதே வலையை அதே மாதிரி இழுத்தால் பிடிக்காமல் என்ன செய்யும்? அவர் ஒவ்வொரு தடவையும் பாவம், சும்மா வரக் கூச்சப்பட்டு ஏதாவது கொண்டுவருவார், என் மாமியார் கும்பிட்டுத் திருப்பி அனுப்புவாள். அன்று ஒரு முழு வஞ்சரம் கொண்டுவந்திருந்தார். "வாங்க மாட்டேன்னு தெரியும் தங்கச்சி, மனசு கேக்கல" என்றார்.

"குடு அண்ணே" என்று வலது கையை நீட்டினேன்.

அவர் திகைத்துப்போய்க் கொடுத்துவிட்டார். மீனின் கனத்தை என் கை தாங்கவில்லை. மணலில் விழுந்தது. "கீழ உய்ந்துச்சு! உய்ந்துச்சு! வாங்கினதா ஆவாது!" என்று என் மாமியார் கத்தினாள். நான் குனிந்து இடது கையால் அதை எடுத்தேன். மணலைக் கழுவினேன். அரிந்து, மிளகாய் தடவி, வாசலிலேயே அடுப்பை மூட்டிப் பொரித்து, அத்தனை பேர் முன்னாலும் உட்கார்ந்து தின்றேன். முள்ளைக்கூடச் சப்பித்தான் போட்டேன். அவ்வளவு ருசியான மீனை நான் அதற்கப்புறம் தின்றதில்லை.

அத்தோடு ஒழிந்தது கைராசி. என் மாமியார் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை, அதுவும் நல்லதாகத்தான் போயிற்று. ஆனால் எனக்கு மூன்று நாள் கிடைத்ததா? யார் கொடுத்தது? கிடங்கும் பிள்ளைகளும் அப்படியே இருந்தன. அடுத்த மழைக்காலத்தில் கையை அறுத்துத்தான் பார்த்தார்கள். ரொம்பத் தாமதம் என்றார்கள். கிடங்கிலும் என் இடத்தில் வேறொருத்தி வந்து உட்கார்ந்தாள். நான் மீனை வாங்கினது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. யார் வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஒருத்தி மட்டும் கேட்டாள். மீன் தின்ற அந்த வாரமே, தெருக்குழாயடியில். பக்கத்து வீட்டு மருமகள். நிறைந்த குடத்தைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"ஏங்க்கா வாங்குன?"

"என் கை போவுதுடி. ஒங்க சுளுக்கெல்லாம் எடுத்து எடுத்து என் கை போவுது."

"எனுக்குச் சுளுக்கே இல்லக்கா" என்றாள். "ஒருநாளும் இருந்ததில்ல. அந்த மூணு நாளுக்குத்தான் உங்கிட்ட வந்து குந்துவேன்."

இப்போது வாடி, கை வைக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எவள் நம்புவாள்? வரிசை முழுக்கப் பார்க்க முள் வரைக்கும் சப்பியிருக்கிறேனே.

அவள் குடத்துக்குக் குனிந்தாள். தூக்கிவிடலாம் என்று நானும் கையை நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள். "வேணாம்க்கா, உய்ந்துடும்" என்று சொல்லிவிட்டு, தானே இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.